நொண்டி நடந்து காட்டிய நாள்

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அடங்கிவிட்டது என்று ஆண்டவர் பெயரால் பொய் சொல்ல மாட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன். அவர் பதில் கொடுத்தார்.

என் பெயர் ஜெயசீலி. தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபது வருஷமாகப் பழம் பறிக்கிறேன். பிறவியிலேயே எனக்குக் கால் இரண்டும் வளைந்தவை. பள்ளிக்கூடத்தில் பட்ட கேலியில் ஒன்று பழகிக்கொண்டேன். யாராவது பார்த்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்துவிடுவேன். ஆள் மறைந்ததும் நொண்டுவேன்.

போன வருஷம் நவம்பரில், பழம் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம், இடது முழங்காலில் வலி பிடித்தது. பழப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடு ஏறினால் உயிர் போனது. சமதரையில் வேலை போடும்படி ரைட்டர் ஜேம்ஸிடம் கேட்டேன். எஸ்டேட்டில் பேர் எழுதி வேலை பிரிப்பவர் அவர்தான். எங்கள் சபையில் காணிக்கைப் பை பிடிப்பவரும் அவர்தான்.

மறுநாள் காலை, பேர் கூப்பிடும் இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "என்னையப் பாத்தா நேரா நடக்கறா, நான் திரும்புனா நொண்டறா. நாடகக் கம்பெனிக்குப் போகச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டாரா? மேனேஜரிடமும் நடிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வேலையும் இல்லை, எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் இல்லை என்று உத்தரவு வந்தது. எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

முழங்கால் போட முடியாததால் கட்டிலில் உட்கார்ந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்குச் சுகமே வேண்டாம். அந்த ஆளோட கால ஒடிச்சுப் போடுங்க. அவரும் இந்த மேட்டுல ஏறிப் பாக்கட்டும்." மூன்று வாரம் இதே ஜெபம்தான்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் ஒருநாள் கேட்டுவிட்டார். "ஏம்புள்ள, இதுக்கு ஆமென் வேற சொல்றியா?"

"சத்தமாவே சொல்லுவேன்" என்றேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் முழங்காலைப் படம் எடுத்தார்கள். புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் காலின் வளைவைப் பார்த்த டாக்டர் சந்தேகப்பட்டு, கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அடிவாரம் போய்ச் சேருவதற்குள் பஸ் திரும்பிய ஒவ்வொரு வளைவிலும் ரைட்டரைச் சபித்தேன்.

அங்கே ரத்தத்தைப் பார்த்துவிட்டு, எலும்புக்கு வேண்டிய சத்து சிறுநீரில் போய்விடுகிற அபூர்வமான பிறவி நோய் என்றார்கள். பிறகு நடையை அளக்கும் அறைக்குக் கூட்டிப் போனார்கள். சுற்றிலும் கேமரா. இடுப்பிலும் காலிலும் சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகளை ஒட்டினார்கள். எந்தக் காலில் எவ்வளவு எடை விழுகிறது என்று தரையே அளக்குமாம். கவிதா என்ற பிசியோதெரபிஸ்ட் நோட்டும் பேனாவுமாக எதிரே நின்றார்.

நோட்டைப் பார்த்ததும் எனக்கு ரைட்டர் ஞாபகம். நிமிர்ந்து நேராக நடந்தேன். ஆறு தடவை. பெருமை வேறு.

"அக்கா, நல்லாத்தானுங்க நடக்கறீங்க. வலி எப்ப வருது?" என்றார் கவிதா. அவர் கேலியாகக் கேட்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் நோட்டை மூடி வைத்தார். மணல் மூட்டைகளை ஒரு துணிப்பையில் போட்டு, பழப்பை மாதிரியே என் இடுப்பில் கட்டினார். "இப்ப யாருக்காகவும் நடக்காதீங்க அக்கா. வலிக்கற மாதிரியே நடங்க."

நொண்டினேன். ஆயுசுக்கும் அடக்கி வைத்த நொண்டலை எல்லாம் நொண்டித் தீர்த்தேன். இடது காலில் எடை வைக்காமல் உடம்பே சாய்ந்து தப்பிப்பது திரையில் தெரிந்தது. கோளாறு முழங்காலில் இல்லை, அதற்கு மேலே என்று தொடையைப் படம் எடுத்தார்கள். எலும்பில் விரிசல். இன்னும் கொஞ்ச நாள் மேடு ஏறியிருந்தால் முழுசாக ஒடிந்திருக்கும் என்றார் டாக்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒடியட்டும் என்று நான் கேட்டது அவர் கால். ஒடிய இருந்தது என் கால். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார், ஆனால் காலை மாற்றிப் பார்த்துக் காப்பாற்றினார்.

எலும்புக்குள்ளே கம்பி வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், என் நோயைப் பற்றித் தமிழில் ஒரு கடிதமும் எழுதித் தந்தார்கள். மேனேஜரிடம் கொடுத்து ஒன்றே ஒன்று கேட்டேன். "எங்க வெச்சு என்னைய நடிப்புன்னாங்களோ, அங்கயே இதைப் படிக்கணுங்க. அவரே படிக்கணுங்க."

மறுநாள் காலை ஊன்றுகோலோடு முன்வரிசையில் நின்றேன். ரைட்டர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"கேக்கலைங்க. சத்தமாப் படிங்க."

மறுபடி முதலிலிருந்து படித்தார். 'வலியை மறைத்தே நடந்து பழகியவர்' என்ற வரியை அவசரமாகத் தாண்டப் பார்த்தார். அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். யாரும் சிரிக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்குத் தேனாக இனித்தது.

வீடு நிலைத்தது. இப்போது உட்கார்ந்து காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலை. ஆறு மாதம் கழித்து அதே அறையில் நடந்தேன், எடை இரண்டு காலிலும் விழுகிறது. ஆண்டவருக்கே நன்றி.

"மன்னிச்சிட்டியாம்மா?" என்று போதகர் கேட்டார். "இன்னும் இல்லைங்க ஐயா. அதுக்கும் ஜெபிக்கிறேன்" என்றேன்.

அன்பானவர்களே, கசப்பு இருந்தால் கசப்போடே அவரிடம் போங்கள். நான் நேராக நடந்து காட்டியவரை அந்த அறையில் ஒன்றும் தெரியவில்லை. நொண்டிய பிறகுதான் விரிசல் தெரிந்தது.

முன்பெல்லாம் சபையில் திருவிருந்து அப்பம் வாங்கக் கடைசி ஆளாக, யாரும் பார்க்காதபடி போவேன். இப்போது முதலில் எழுந்து, ரைட்டர் பெஞ்சைத் தாண்டி, நிதானமாக நடக்கிறேன். நான் தாண்டும்வரை அவர் காத்திருக்க வேண்டும்.