இடது காலில் கட்டு

சீழ் எனக்குக் குமட்டியதில்லை. சளி, மலம், மூத்திரத்தில் ஊறி வெந்த படுக்கை விரிப்பு, எதுவுமே இல்லை. வார்டிலேயே தலை நரைத்தவள் நான். கையைக் கழுவிவிட்டு அதே மூச்சில் எலுமிச்சை சாதம் சாப்பிடுவேன். எனக்குக் குமட்டுவது மல்லிகை மணக்கும் ஸ்பிரே. அதை நினைத்தால் இப்போதும் நாக்கடியில் எச்சில் ஊறுகிறது, வாய் உப்புக் கரிக்கிறது.

நான் டிப்ளமோ நர்ஸ். நாற்பதைத் தாண்டிய பிறகு டிகிரி படிக்க உட்கார்ந்தேன். நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரி தன் மாடியிலேயே ஒரு நர்சிங் கல்லூரியைக் கட்டியிருந்தது. காலையில் வார்டில் வேலை, மத்தியானம் மாடியில் வகுப்பு. அதே கட்டிடம், அதே படிக்கட்டு, அதே கால் வலி. ஆனால் மாடி ஏறும்போது நான் மாணவி. என் மகள் வயதுப் பிள்ளைகள், "யக்கா, ஒங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு? பேசாம எங்களுக்குச் சொல்லிக் குடுங்க, நாங்க ஒங்களுக்கும் சேத்து எழுதுதோம்" என்பார்கள். சிரிப்பேன். ரத்தம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று அந்த வயதில் படம் வரைந்து கற்றதில் எனக்கு ரகசியமாக ஒரு கிறுக்கு இருந்தது. தாமிரபரணியும் அதன் வாய்க்கால்களும் போல அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் இன்ஸ்பெக்சன் வந்தது.

கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆட்கள் வருவார்கள். கட்டில்கள் நிறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கள் டிகிரி வெறும் தாள். எங்கள் ஆஸ்பத்திரியிலோ பாதிக் கட்டில்களில் பூனை படுத்திருக்கும். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. கட்சிக் கூட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போகும் அண்ணாச்சி ஒருவர் சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். வாசலில் நின்று அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "கூட்டம்னா வெயில்ல கெடந்து கத்தணும். இங்கன சும்ம படுத்தாப் போதும்வே. ஃபேன் உண்டு, பிரியாணி உண்டு. சிரிக்க மட்டும் கூடாது."

கல்லூரியின் துணை முதல்வர், நாங்கள் மேடம் என்போம், கட்டில் கட்டிலாக நடந்து வியாதிகளைப் பங்கு வைத்தார். ஆண்டு விழாவுக்கு வேஷம் பிரிப்பதுபோல. உனக்கு டைபாய்டு, உனக்குக் குடல்வால் ஆபரேஷன். பங்கில் மூலம் விழுந்த ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், மூலம் வேண்டாம். அடுத்த கட்டில்ல கெடக்கது எம் மச்சினன். ஊருக்குப் போயி ஒவ்வொரு வீடாச் சொல்லுவான். எனக்கு மாரடைப்புன்னு போடுங்க."

மாரடைப்பு கிடைத்தது. நெஞ்சில் ஈசிஜி ஸ்டிக்கர்களை ஒட்டினோம். வைத்தியம் படித்த கைகளால் ஒட்டினோம். சுகமாக இருந்தவர்கள் மேலெல்லாம் பிளாஸ்திரி. ஒரு பிள்ளை வார்டு முழுக்க மல்லிகை ஸ்பிரே அடித்துக்கொண்டே போனாள்.

எனக்கு ஒதுக்கிய கட்டிலில் பீடி சுற்றும் ஒரு அக்கா. சர்க்கரைப் புண், இடது கால். அப்படித்தான் சார்ட்டில் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லாத அந்த இடது காலில் பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டேன். மேடம் வந்து பார்த்து, "கொஞ்சம் பெட்டாடின் ஊத்துங்க சிஸ்டர். ஊறி வந்த மாதிரி இருக்கணும்லா?" என்றார். ஊற்றினேன். பிறகு அக்காவுக்குப் பாடம் நடந்தது.

"எந்தக் கால்?"

"இடது கால்."

"எத்தன நாளா?"

"ஒரு மாசமா."

"சத்தமாச் சொல்லணும். எந்தக் கால்?"

"இடது கால்."

மேடம் நகர்ந்ததும் மல்லிகைக்கு அடியிலிருந்து ஒரு வாடை மேலே வந்தது. எனக்குப் பழக்கமான வாடை. இனிப்பும் அழுகலும் கலந்தது. அக்கா வலது காலைச் சேலைக்குள் இழுத்து மடக்கி வைத்திருந்தாள். கேட்காமலே சேலையை விலக்கினேன். சுண்டுவிரல் கருத்திருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு குழி, குழி நிறையக் காப்பிப்பொடி.

"செருப்பு கடிச்சுது நர்சம்மா. அது கெடக்கு, விடு."

"வலிக்கலையாக்கா?"

"வலியே இல்ல. வலிச்சாத்தான பயப்படணும்?"

வலிக்காததுதான் பயம் என்று எனக்குத் தெரியும். சர்க்கரை முற்றினால் காலில் நரம்பு செத்துப்போகும், வலி தெரியாது; இரண்டு நாள் முன்பு மாடியில் அதைத்தான் படித்திருந்தோம். ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். உண்மையாகவே புண் இருக்கிறது, இப்படியே விட்டால் கால் போய்விடும், அட்மிஷன் போடலாமா என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார்ட்ல இடது கால் சிஸ்டர். மாத்த நேரமில்ல. வலது கால மூடி வைங்க. அட்மிஷன் போட்டா பில் யாரு கட்டுவா?"

திரும்பி வந்தேன். அக்காவுக்கும் அதே கவலைதான். "நா படுக்கத்தான வந்தேன், நர்சம்மா. வைத்தியம் பாக்க வரல. வைத்தியம்னா துட்டு கேப்பாவல்லா."

வியாதிக்காரியாக நடித்தால் சோறு. வியாதிக்காரியாகவே இருந்தால் பில்.

இன்ஸ்பெக்சன்காரர்கள் வந்தார்கள். மூத்தவர் எங்கள் கட்டிலில் நின்று, புண் சுத்தம் செய்வதைச் செய்து காட்டச் சொன்னார். மேடத்தின் கண் இடது காலைக் காட்டியது. நான் வலது காலைத் திறந்தேன்.

வாடை எழுந்தது. யாரோ இருமினார்கள். உப்புநீர் விட்டுக் காப்பிப்பொடியை மெல்லக் கரைத்தேன். கருப்பாக வழிந்தது, பிறகு பழுப்பாக, பிறகு நீர்த்த சிவப்பாக. ஈரத்துணி வைத்து, தளர்வாகச் சுற்றினேன். சார்ட்டும் காலும் வேறு வேறாக இருப்பதை அவர் பார்க்கட்டும், கேட்கட்டும், இந்தக் கூத்து இங்கேயே உடையட்டும் என்று நினைத்தேன். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார்.

"நல்ல கேஸ் வச்சிருக்கீங்க. பிள்ளைங்க கத்துக்க இதுதான் வேணும்."

அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மேடம் என் தோளில் தட்டினார். அழுகிய விரல் ஒன்று கல்லூரியைக் காப்பாற்றிவிட்டது. என் டிகிரியையும்தான். குளியலறைக்குப் போய் வாந்தியெடுத்தேன். அங்கேயும் மல்லிகை அடித்து வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் பஸ் கிளம்பியபோது மாணவிச் சீருடையோடு நானும் ஏறினேன். அண்ணாச்சி சிரித்தார். "என்ன சிஸ்டர், நீங்களும் கூட்டத்துக்கு வாரியளா?" அக்காவின் பக்கம் திரும்பி, "கால ஆறவிட்டுராதக்கா. அடுத்த தடவ மொத சீட்டு ஒனக்குத்தான்" என்றார். பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

பாலத்தில் ஏறும்போது எல்லோரும் வியாதிகளைக் கழட்ட ஆரம்பித்தார்கள். பிளாஸ்திரியைப் பிய்த்து ஜன்னல் வழியே எறிந்தார்கள். பேண்டேஜ் சுருள்கள் காற்றில் அவிழ்ந்து கைப்பிடிச் சுவரில் தொங்கின, சில ஆற்றில் இறங்கின. மாரடைப்புக்காரர் ஸ்டிக்கரை ரோமத்தோடு பிடுங்கி, "ஏ யம்மா" என்று அலறினார். மச்சினன் சொன்னான்: "இதுக்கு மூலமே தேவலல்லா, லே?" கீழே ஆறு அதையெல்லாம் வாங்கிக்கொண்டு போனது. குளிக்கிற ஆறு, குடிக்கிற ஆறு.

அக்கா இடது கால் கட்டை அவிழ்த்து எறிந்தாள். கை வலது காலுக்குப் போனது. பிடித்துக்கொண்டேன்.

"இது கெடக்கட்டும். என்கூட அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. துட்டு கேக்க மாட்டாவ."

"பீடி எல நனச்சு வச்சிட்டு வந்திருக்கேன். நாளைக்கு அழுகிப் போவும்."

"காலுந்தான் அழுகுது."

அவள் சேலையை வலது கால்மேல் இழுத்துவிட்டாள். பிறகு, "அங்கன நிறுத்தச் சொல்லு. பைய எறங்கணும்" என்றாள்.

பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர், தலை நிமிராமல் கேட்டார்.

"எந்தக் கால்மா?"

"இடது கால்," என்றாள் அக்கா, சத்தமாக. "ஒரு மாசமா."

சொல்லிவிட்டு, பெட்டாடின் கறை படிந்த, ஒரு குறையும் இல்லாத இடது காலை நீட்டினாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் குனிந்து, சேலைக்குள்ளிருந்து வலது காலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

சுண்டுவிரல் போயிற்று. கால் தப்பியது. டிகிரி என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் ரோமத்தோடுதான் வரும்.