ஐஸ் அறைக்கு எதிரே ஒரு பதாகை

மொழிபெயர்ப்பவருக்குச் சொந்த வாய் கிடையாது. காலையில் ஒருவருக்கும் மாலையில் அவருடைய எதிராளிக்கும் வாடகைக்குப் போகிற வாய் அது. அடுத்தவர் கோபத்தைத் தன் குரலில் சொல்லி முறைப்பு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மருதமுனையில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த தொழில் இது.

வேறு பிரிவு

சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீனவர் சங்கம் ஒன்றுக்கு ஒரு பெரிய நாட்டின் தூதரகம் ஐஸ் அறை கட்டிக் கொடுத்தது. அறையோடு ஜனநாயகப் பயிற்சியும் வந்தது. வகுப்பெடுத்தவள் கிளேர் என்ற இளம் அதிகாரி. நல்ல பெண், தேநீருக்கு முன் எல்லோருக்கும் சலாம் சொல்லப் பழகியிருந்தாள். பெரும்பான்மை ஒன்றைச் சொல்லிவிட்டால் பலசாலியும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்றாள். நான் தமிழில் சொன்னேன்.

தோணிக்காரர் ரஹீம் எழுந்தார். காஸாவில் போரை நிறுத்து என்று ஐ.நா.வில் மற்ற நாடுகள் கை தூக்க, உங்கள் நாடு மட்டும் மறுத்து அதை விழுத்துகிறதே, அங்கே பெரும்பான்மை எங்கே போனது என்று கேட்டார். வழக்கமாக இப்படியான கேள்விகளை நான் சற்றுச் சீனி போட்டுத்தான் கொடுப்பேன். அன்று போடவில்லை. கிளேர் சிவந்துபோனாள். வெளிநாட்டுக் கொள்கை தன்னுடைய பிரிவு அல்ல, அது வேறு பிரிவு என்றாள்.

ரஹீம் என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்தார். "அப்ப அந்தப் பிரிவுக்கும் இந்த வகுப்ப ஒருக்கா எடுக்கச் சொல்லுங்க டீச்சர்."

கயிறும் பெட்டியும்

அந்தச் சங்கத்தில் வாக்கெடுப்பு மணலில்தான் நடக்கும். கரைவலையை இழுக்க வடக்கே ஒரு கயிறு, தெற்கே ஒரு கயிறு. சம்மதம் என்றால் தெற்குக் கயிற்றடியில் நிற்க வேண்டும், இல்லை என்றால் வடக்கில். சங்கத் தலைவர் இஸ்மாயில் காக்காதான் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. அவர் எந்தப் பக்கம் நடக்கிறாரோ அந்தப் பக்கமே கூட்டமும் நடக்கும். நாளைக்கு வலை இழுக்க அவர்தானே கூப்பிட வேண்டும்.

கிளேர் இதைக் கேட்டுக் கவலைப்பட்டாள். அடுத்த முறை வரும்போது மூடியில் வாக்குத் துண்டு போடத் துளை வைத்த பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தாள். யார் என்ன போட்டார் என்று எவருக்கும் தெரியாது, இதுதான் முறை என்று பழக்கிக் காட்டினாள். இஸ்மாயில் காக்கா சிரித்தார். பெட்டியை வாங்கி, வலை வைக்கும் கொட்டிலான வாடியில் மிதப்புக் கட்டைகளுக்கு மேல் வைத்தார்.

"என்ட ஆக்கள் என்ன நினைக்கிறாங்க எண்டு எனக்குத் தெரியும் மிஸ். இதுக்கு எதுக்குப் பெட்டி?"

ஆலோசனை

ஐஸ் அறைக்கு நேர் எதிரே சங்கத்தின் வாடி. அதன் சுவரில் பலஸ்தீனக் கொடியின் நிறங்களில் நீளமான பதாகை ஒன்று தொங்கும். மருதமுனைத் தறியில் நெய்த துணி, அதனால் மழைக்கும் சாயம் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் அதற்குக் கீழே நின்று கையேந்தித் துஆ கேட்பார்கள்.

திறப்பு விழாவுக்குத் தூதுவர் வருவதாக இருந்தது. கிளேர் முன்கூட்டியே வந்து, எங்கே நின்று படம் எடுத்தாலும் பதாகையும் அதில் விழுகிறது, கழற்றிவிட்டால் நல்லது, இது ஒரு ஆலோசனை மட்டுமே என்றாள். கழற்றாவிட்டால் என்று இஸ்மாயில் காக்கா கேட்டார். அவள் கீழே பார்த்துக்கொண்டு, ஐஸ் அறையின் சாவி கிடைப்பது தாமதமாகலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றாள்.

சாவி அவர்களுக்கு விளையாட்டல்ல. ஐஸ் இல்லாத கரையில் கீரி மீன் வெயில் ஏறுமுன் குழைந்துவிடும். லொறிக்காரன் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும். இஸ்மாயில் காக்கா அதைத்தான் நினைத்தார். அவள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "ஒரு நாளைக்குக் கழட்டி மடிச்சி வெச்சா அல்லாஹ் கோவிக்கமாட்டான் டீச்சர்."

எண்ணிக்கை

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் கூடியது. இஸ்மாயில் காக்கா கழற்றுவோம் என்று சொல்லிவிட்டுத் தெற்குக் கயிற்றுக்கு நடக்கத் தொடங்கினார். கூட்டமும் அசைந்தது. அப்போது ரஹீம் வாடிக்குள் போய் மிதப்புக் கட்டைகளுக்கு மேலிருந்த பெட்டியைத் தூக்கிவந்து நடு மணலில் வைத்தார். இஸ்மாயில் காக்கா பெட்டியைப் பார்த்தார், தன் ஆட்களைப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. சரி போடுங்க என்றார்.

துண்டுகளை அவரே பிரித்து அவரே வாசித்தார். இருக்கட்டும், இருக்கட்டும், இருக்கட்டும் என்று வந்துகொண்டேயிருந்தது. இடையிடையே ஒன்றிரண்டு கழற்று. கடைசித் துண்டையும் வாசித்து மடித்து வைத்தார். எழுந்து போய், ஒரு பக்கம் தளர்ந்திருந்த பதாகையின் கயிற்றைத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார்.

"சபை சொல்லிட்டு. மிஸ்ஸுக்கு ஃபோனப் போட்டு அவட பெட்டியாலதான் எடுத்தம் எண்டும் சொல்லுங்க டீச்சர்."

சாவி

தூதுவர் வரவில்லை. மாரி வந்து போனது. லொறிக்காரன் வழக்கம்போல் விலையைக் குறைத்தான். பதாகையைத் திட்டி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகொரு நாள் கிளேர் தனியாக வந்தாள். கமராவும் இல்லை, பூமாலையும் இல்லை. திட்டத்தை முடித்ததாகக் காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டதாம். சாவியை நீட்டினாள். இஸ்மாயில் காக்கா பிஸ்மி சொல்லித் திறந்தார். குளிர் வந்து முகத்தில் அடித்தது. கரையே கூடி நின்று நபிக்குச் சலவாத்துச் சொன்னது, கிளேரும் சிரித்தாள்.

உள்சுவரில் அவளுடைய நாட்டுக் கொடி பதித்த கல் ஒன்று இருந்தது. இது இங்கே இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபமா என்று தயங்கிக் கேட்டாள். நான் மொழிபெயர்த்து முடிக்குமுன் இஸ்மாயில் காக்கா பதில் சொல்லிவிட்டார். "அதுவும் இரிக்கட்டும் மிஸ். நாங்க யார்ர கொடியையும் கழட்டச் சொல்றல்ல."

இவ்வளவும் நடந்த பிறகு சங்கத் தலைவர் தேர்தலையும் அதே பெட்டியில் நடத்தி, இஸ்மாயில் காக்காவையே மயிரிழையில் வெல்ல வைத்து வேர்க்க வைத்தார்கள் என்பதால் சொல்கிறேன்: எங்களுக்கு ஜனநாயகம் கொண்டுவந்தவர்கள் அதைத் திரும்ப எடுத்துப்போக மறந்துவிட்டார்கள்.