ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’

வரதனுக்கு உட்காரத் தெரியாது. கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய நந்திதுர்க் லைன் வீட்டில் நாற்காலி மூன்று இருக்கின்றன. மூன்றிலும் மடிக்காத துணிதான் உட்கார்ந்திருக்கும். டீ குடிப்பது நின்றபடி, பேப்பர் படிப்பது நடந்தபடி, டிவி பார்ப்பது ஒரு காலை வாசல்படிக்கு வெளியே வைத்தபடி. “இன்னாங்க இது, கொஞ்ச நேரம் குந்துங்களேன், பாக்கிற எனக்கே கால் வலிக்குது” என்று மனைவி இந்து இருபத்தாறு வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறாள். மனுஷன் கேட்டால்தானே!

வயசு ஐம்பத்தாறு. பெரிய மண்வாரி வண்டிகள் செய்யும் ஃபேக்டரியில் வெல்டர். வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. பீடியை விட்டதற்குப் பதிலாகப் பிடித்த பழக்கம் என்று கல்யாணமான புதிதில் இந்துவிடம் சொன்னார். அவளும் நம்பி, மளிகைச் சாமானோடு மாசாமாசம் அவருக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கிராம்பு வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சும்மாவே நிற்காத கால், அந்த ஆகஸ்ட் மாசக் கடைசி வாரத்தில் தரையிலேயே படவில்லை. ஒரே மகள் ஓவியா அயர்லாந்துக்கு எம்.எஸ். படிக்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட். விசா வந்தாயிற்று, பெட்டி வாங்கியாயிற்று, பாக்கி ஒரே ஒரு காகிதம். அங்கே உடம்புக்கு ஏதாவது வந்தால் பார்த்துக்கொள்கிற இன்சூரன்ஸ் பாலிசி. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அது வந்து சேராவிட்டால் சேர்க்கை கிடையாது என்று காலேஜிலிருந்து கறாராக மெயில்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்த கையோடு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஜூடித்தின் ஆபீஸுக்குப் போனார். ஆபீஸ் என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மாதா படம், அவ்வளவுதான். கே.ஜி.எஃப்-இல் பாதிப் பேருக்கு வண்டி இன்சூரன்ஸ் போட்டுக் கொடுப்பது ஜூடித்தான். ஓவியா பேங்க் வேலையாகப் பெங்களூர் போயிருந்ததால் அப்பாவே பதில் சொன்னார். ஜூடித் கேள்வியை வாசிக்க வாசிக்க அவர் சொல்வதும் அவள் தட்டுவதுமாகப் போனது. பேர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர்.

“ஏழாவது. ஆஸ்துமா, வீசிங், மூச்சு சம்பந்தமா ஏதாச்சும்...”

“இல்ல.”

கேள்வி முடிவதற்குள் பதில் விழுந்துவிட்டது. ஜூடித் தட்டிவிட்டு எட்டாவதுக்குப் போய்விட்டாள்.

ஓவியாவுக்கு ஆறு வயசிலிருந்து வீசிங். ஆடிக் காற்று கிளம்பி, தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டி வைத்த சயனைட் மேட்டுத் தூசி வெள்ளையாகப் பறந்து வந்து ஜன்னலில் படியும் இரண்டு மாசமும் அவள் நெஞ்சு விசிலடிக்கும். இன்ஹேலரில் இரண்டு பஃப் இழுத்தால்தான் படி ஏறுவாள். இது தெரியாதவரா வரதன்? அந்த மருந்தை வாங்கி வருவதே அவர்தான்.

அப்புறம் ஏன் இல்லை என்றார்? யாரையும் ஏமாற்ற அல்ல, சத்தியமாக அல்ல. அவர் வளர்ந்த லைனில் ‘மெடிக்கல்’ என்றால் உண்மை பேசுகிற இடம் கிடையாது. அவருடைய நைனா, அதாவது அப்பா, நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, எத்தனையோ லெவலுக்குக் கீழே பாறை உடைத்தவர். வருஷா வருஷம் டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். டாக்டர் ‘அன்ஃபிட்’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் முடிந்தது கதை, மறுநாள் கேஜில் இடமில்லை. அதனால் மெடிக்கலுக்குப் போகிற அன்றைக்கு நைனா வாயில் கிராம்பை அடக்கிக்கொள்வார், இருமல் வெளியே வராமலிருக்க. டாக்டர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், “நல்லா கீறேன் சார்.” அந்த லைனில் அத்தனை வீட்டிலும் அதே பதில்தான். பிள்ளைகள் ‘அ, ஆ’ கற்றுக்கொண்ட வயசிலேயே அதையும் கற்றுக்கொண்டார்கள்.

மைன் மூடி எத்தனையோ வருஷமாயிற்று. பதில் மட்டும் மூடவில்லை. ஓவியா ஸ்கூலில் ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்தபோதும், என்.சி.சி. முகாமுக்குப் போனபோதும், “டாக்டர் கேட்டா ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடு கண்ணு” என்று அனுப்பியது இதே வரதன்தான்.

செவ்வாய்க்கிழமை போனில் பாலிசி வந்து விழுந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். ஏழாவது கேள்வி யார் நினைவிலும் இல்லை.

புதன்கிழமை ஃபேக்டரி கேன்டீனில் ரவிகுமார் வந்து வாயைத் திறந்தார். வரதனோடு ஒரே செக்ஷனில் வேலை செய்கிறவர். சோற்றைப் பிசைந்துகொண்டே தன் அக்கா மகன் கதையைச் சொன்னார். பையன் கனடாவில் படிக்கிறான். பழைய வயிற்றுப் புண்ணை ஃபாரத்தில் எழுதவில்லை. அங்கே ரத்தமாக வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தான்.

“அந்த ஆஸ்பத்திரில பழைய ரிப்போர்ட்டெல்லாம் கேட்டாங்களாம் வரதா. இவன் காட்டிட்டான். கம்பெனிக்காரன் ‘நீ இல்லைன்னு தானே எழுதினே’ன்னு கையை விரிச்சுட்டான். பையன் பாதி வைத்தியத்துல எழுந்து ரூமுக்கு வந்துட்டான். அக்கா இங்க அழுதுகினு கீது.”

வரதன் கையில் எடுத்த சோறு தட்டிலேயே விழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வண்டியை லைன் முனையில் நிறுத்திவிட்டு ஊரிகம் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தார். பெங்களூர் ரயில் வந்தது, ஆபீஸ் கூட்டம் இறங்கியது, ரயில் போனது. திரும்பி நடந்தார். பாதியில் நின்று மறுபடி ஸ்டேஷனுக்கே நடந்தார். சொல்லிவிட்டால் பாலிசியை ரத்து செய்வார்கள், பாலிசி போனால் காலேஜ் போகும், குழந்தை இரண்டு வருஷமாகப் படித்துப் படித்து வாங்கிய சீட்டு அது. சொல்லாவிட்டால்? அந்தக் குளிரில், யாரும் இல்லாத ரூமில், மூச்சு அடைத்துக்கொண்டு அவள் படுத்துக் கிடந்தால்? அட, நாக்கை அடக்கத் தெரியாத முண்டமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து, “யாரிகெ காய்தா இதீரா?” என்று கன்னடத்தில் கேட்டார். யாருக்காகக் காத்திருக்கிறார் என்று வரதனுக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. ஓவியா துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பளிச் சாக்ஸ் ஒன்று மட்டும் புடைத்துக்கொண்டிருக்க, எடுத்து உதறினார். உள்ளேயிருந்து இன்ஹேலர் விழுந்தது. இன்னொரு சாக்ஸில் இன்னொன்று.

“இதை ஏம்மா இதுக்குள்ள வச்சு கீறே?”

“ரூம்மேட்ஸ் பாத்துடுவாங்கப்பா. ஃபர்ஸ்ட் டேலயே சீக்குன்னு நினைச்சுக்குவாங்க.”

சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் அடுத்த துணியை மடித்தாள். வரதன் வாசலுக்குப் போய் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் ஃபேக்டரியிலிருந்து வெளியே வர கேட் பாஸ் போட்டுக்கொண்டு, ஜூடித் ஷட்டர் தூக்குவதற்கு முன்னாலேயே போய் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அவள் சாவியை மேஜைமேல் எறிந்தாள்.

“அண்ணா! உங்களுக்கு அறிவு கீதா? உங்க பொண்ணுக்கு நீங்களே குழி தோண்டி வச்சிருக்கீங்களே!”

“அன்ஃபிட் பண்ணிடுவாங்களாம்மா?”

“இன்னா அன்ஃபிட்டு? அவ மைனுக்கா போறா? ஆஸ்துமா இல்லாத ஊரா கீது உலகத்துல?” திட்டிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தாள். “ஃபாரத்துல திருத்தம் கீதுன்னு எழுதுறேன். கம்பெனி டாக்டர் நாலு மணிக்குப் போன் பண்ணுவாங்க. உங்ககிட்ட இல்ல, பொண்ணுகிட்ட. அவதான் வாயால சொல்லணும். கொஞ்சம் கட்டணம் கூட்டலாம், மூச்சுத் தொந்தரவை மட்டும் விட்டுடலாம், மொத்தமா முடியாதுன்னும் சொல்லலாம். என்னால இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. போய்ப் பொண்ணுகிட்ட விவரம் சொல்லி வைங்க.”

சொல்லி வைக்கத்தான் வீட்டுக்கு வந்தார். வந்தால் ஓவியாவும் இந்துவும் எடைத் தராசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்து மூணு கிலோவுக்கு மேல் போகக்கூடாது. ஊறுகாய் வேண்டும் என்கிறாள் அம்மா, புஸ்தகம் வேண்டும் என்கிறாள் மகள். வரதன் உள்ளே வந்தார், வெளியே போனார், தண்ணீர் குடித்தார், மறுபடி குடித்தார். ‘கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்பது தொண்டை வரைக்கும் வந்து வந்து இறங்கியது. நாலு மணிக்குத்தானே, மூணரைக்குச் சொல்லிக்கலாம் என்று தள்ளினார்.

போன் இரண்டரைக்கே வந்துவிட்டது.

ஓவியா ஸ்பீக்கரில் போட்டாள். “நான் டாக்டர் சுமா பேசுறேன், இன்சூரன்ஸ் கம்பெனில இருந்து. கன்னடவா, தமிழா?” என்று கேட்டது ஒரு பெண் குரல். தமிழ் என்றாள் ஓவியா.

“உங்க ஃபாரத்துல ஏதோ மாத்தணும்னு ரிக்வெஸ்ட் வந்திருக்கு. உடம்புல ஏதாவது பிரச்சினை இருக்கா ஓவியா? மூச்சுத் திணறல், வீசிங்?”

ஓவியா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். வரதன் வாய் திறப்பதற்குள், சிரித்த குரலில், சுத்தமாக, ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னாள்.

“நோ டாக்டர். ஐ ஆம் பெர்ஃபெக்ட்லி ஃபைன்.”

நல்லா கீறேன் சார். பாஷைதான் வேறே. தலையைச் சற்றுத் தூக்கி, மூச்சை மேலேயே பிடித்துக்கொண்டு சொன்ன விதம் அச்சு அசல் அவர் நைனா.

வரதன் போனைப் பிடுங்கினார்.

“மேடம், பொய். நான் அவ அப்பா. வீசிங் கீது. ஆறு வயசுல இருந்து. இன்ஹேலர் யூஸ் பண்றா. இல்லைன்னு எழுதினது நான்தான், அவளை இல்லைன்னு சொல்லச் சொல்லி வளர்த்ததும் நான்தான். அவ மேல தப்பே கிடையாது. பாலிசி குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்.”

ஓவியா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்டது.

“ஓகே சார். நோட் பண்ணிட்டேன்.”

“அவ்ளோதானா மேடம்?”

“அவ்ளோதான் சார். கடைசியா எப்ப அட்மிட் ஆனாங்க?”

“ஆனதே இல்லைங்க.”

“நல்லது. குடும்பத்துல வேற யாருக்காவது இந்தப் பிரச்சினை இருந்ததா?”

“எங்க நைனாவுக்கு. மைன்ல வேலை. ஹார்ட் அட்டாக்குன்னு எல்லார்கிட்டயும் சொன்னோம். மூச்சு விட முடியாமத்தான் செத்தாரு.” முப்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாதது, பெங்களூரில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத பெண்ணிடம் வந்துவிட்டது.

“சரி சார். உங்களுக்கு?”

எடைத் தராசைப் பிடித்தபடி இந்து வரதனையே பார்த்தாள். வாயிலிருந்த கிராம்பு உறைத்தது. அதை விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

“எனக்கும்தான் மேடம். முப்பது வருஷத்துக்கு மேல ஆவுது.”

“டாக்டர்கிட்ட காட்டுறீங்களா?”

“இல்ல.”

“காட்டுங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இந்து நேரே வந்து அவர் சட்டைப் பையில் கையை விட்டாள். பொட்டலத்தை வெளியே எடுத்துப் பார்த்தாள். “இதுக்குத்தானா? இருபத்தாறு வருஷமா என் கையாலயே வாங்கிக் குடுக்க வச்சியே, பாவி மனுஷா” என்றாள். மரியாதையெல்லாம் போய்விட்டது, கண்ணில் தண்ணீர் முட்டியது. பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சமையலறையில் பட்டை, சோம்பு இருக்கிற டப்பாவில் கொட்டி மூடினாள். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் வரதன் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஜூடித் போனில் கூப்பிட்டாள். “வந்துடுச்சுண்ணா. கட்டணம் கொஞ்சம் கூட்டியிருக்காங்க, மூச்சுத் தொந்தரவும் சேத்துதான். ஓவியாவை உடனே காலேஜுக்கு அனுப்பச் சொல்லுங்க.” வரதன் ஃபேக்டரி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் குந்திவிட்டார். என்னமோ ஆகிவிட்டது என்று ரவிகுமார் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட் வாசலில் ஓவியா கைப்பையைத் திறந்து காட்டினாள். வெளிப்பையில், யார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, இன்ஹேலர் இருந்தது. “சாக்ஸ்ல இல்லப்பா, பாத்துக்கோ. நான் இறங்கிப் போன் பண்ணா மொதல்ல கேக்கப் போறது, நீ டாக்டர்கிட்ட போனியான்னுதான். நல்லா கீறேன்னு மட்டும் சொன்னே, அவ்ளோதான் நீ.” கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் தலை மறைகிற வரைக்கும் வரதன் கை ஆட்டினார். அப்புறம் தொண்டை கமறியது. கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது, பை காலி. வேறு வழியில்லை. கம்பியைப் பிடித்துக் குனிந்து, இத்தனை வருஷம் அடக்கி வைத்ததையெல்லாம் வாய்விட்டு இருமினார். இந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். சுற்றிலும் தள்ளுவண்டியும் பெட்டியுமாக அத்தனை ஜனம் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.