எந்த லிஃப்ட்டில் புல் முளைக்கிறது?

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டால் சில வார்த்தைகளைக் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். கல்யாணமான இரண்டாம் மாதம், சாவி எங்கே வைத்தார் என்று கேட்க அவள் கணவரின் கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்தவர் ஒரு முசுடு. "அவரு மேல போயிட்டாரும்மா" என்று சொல்லி டக்கென்று வைத்துவிட்டார். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் நாலு பேர் கூடிவிட்டார்கள். சாயங்காலம் கிரீஸ் அப்பிய கையோடு மாப்பிள்ளை உள்ளே நுழைந்தபோது, ஆறுதல் சொல்ல வந்தவர்கள் வெலவெலத்து எழுந்து நின்றார்கள். அவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மேல போனா இறங்கி வருவேன். அதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க?"

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. லிஃப்ட்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர்தான். வேலையில் கெட்டி, வாய் அதைவிடக் கெட்டி. லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றபடி, நாலு பக்கமும் சுவர் நெருக்க, கைவிளக்கு வெளிச்சத்தில் கம்பிவடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே கீழே இருப்பவர்களோடு வம்பளப்பார். ஒருமுறை, அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர், மனசு சரியில்லை என்று இரண்டு நாள் லீவு எடுத்தார். "மனசுக்கு என்னப்பா, ஸ்பேர் பார்ட் வாங்கி மாட்டிட வேண்டியதுதானே?" என்று கேட்டு ஒர்க்‌ஷாப்பையே சிரிக்க வைத்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னார். அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஒரு நாள் முற்பகல், ஒரு அலுவலகக் கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவே பெட்டியின்மேல் நின்றுகொண்டிருந்தார். ஆயிரம் முறை நின்ற இடம்தான். திடீரென்று சுவர் கிட்டே வந்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது, விரல் மரத்தது, மூச்சு தொண்டையோடு நின்றுகொண்டது. செத்தோம் என்றே நினைத்தார். எப்படி வெளியே வந்தார் என்பது அவருக்கே தெரியாது. மாடிப்படியில் உட்கார்ந்து, சட்டையெல்லாம் நனைந்து, சின்னப் பிள்ளை மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். "இதயத்துக்கு ஒண்ணும் இல்ல, ஜம்முனு இருக்கு" என்றார் டாக்டர். "மூணாவது மாடில மனநல ஆலோசகர் இருக்காங்க. அவங்களைப் பாருங்க."

லிஃப்ட்டுக்குள் கால் வைக்கத் துணிவில்லாமல் படியேறினார். கம்பெனி சீருடையில் அவர் படியேறுவதைப் பார்த்து வழியில் இரண்டு பேர், "லிஃப்ட் ரிப்பேருங்களா?" என்று கேட்டார்கள். "ஆமா, ரிப்பேர்தான்" என்றார். இந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது.

ஆலோசகர் அம்மா நிதானமாகக் கேட்டார், நிதானமாகச் சொன்னார். இது பயத்தின் தாக்குதல், நிறையப் பேருக்கு வருவது, சரியாகக்கூடியது. கொஞ்ச காலத்துக்குச் சின்ன மாத்திரை, வாரம் ஒருமுறை பேச்சு. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே இருக்கும் குன்றில் ஆஸ்பத்திரி நடத்தும் நடைக்குழு. "அங்க ஏன் வந்தீங்கன்னு யாரும் யாரையும் கேக்கக் கூடாது. அது ஒண்ணுதான் விதி."

வீட்டில் என்ன சொல்வது? மனசு சரியில்லை என்றால் ஸ்பேர் பார்ட் ஞாபகம் வந்து அவள் சிரித்துவிடுவாளே. அந்தச் சிரிப்பை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசியது. முட்டி வலி, அதனால்தான் மேலே ஏறுவதில்லை, கீழே கதவு, பட்டன் வேலை மட்டும் பார்க்கிறேன் என்றார். கம்பெனியிலும் அதையே சொல்லி வைத்தார். ஞாயிறு காலை ஓவர்டைம் என்று அவளிடம் சொன்னார். அவள் நம்பினாள். நம்பியதோடு விட்டாளா? தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் தைலப் புட்டியோடு வந்து உட்கார்ந்து, ஒரு குறையுமில்லாத அந்த முட்டியை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். அவள் கை படும்போதெல்லாம் லிஃப்ட்காரருக்கு நெஞ்சில்தான் வலித்தது.

குன்றில் முதல் ஞாயிறன்று அவர் முதல் வளைவைத் தாண்டுவதற்கே திணறினார். நெஞ்சு படபடத்ததும், வந்துவிட்டதடா என்று ஒரு பாறையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் காற்று அடித்தது. கீழே ஊர் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் தெரிந்தது. பேர் தெரியாத ஒரு குருவி நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிடத்தில் நெஞ்சு தானாகவே அடங்கியது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி அடித்தது, மறுபடி அடங்கியது. அட, இவ்வளவுதானா! அடிக்கிற நெஞ்சு அடங்கும் என்பதை நாற்பத்தாறு வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டார். அப்புறம் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. மழைத் தூறலில் போனார், மூடுபனியில் போனார். திரும்பி வரும்போது அந்த வாரத்துக்கான மூச்சு கையிருப்பில் இருந்தது.

மனைவி வேலை பார்ப்பது ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், செக்கிங் பிரிவில். ஒரு தையல் விட்டுப்போனால் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிக்கிற கண். அந்தக் கண்ணை ஐந்து மாதம் ஏமாற்றலாம் என்று நினைத்ததுதான் அவர் செய்த பெரிய முட்டாள்தனம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தைலப் புட்டிக்குப் பதிலாக ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். கிண்ணம் நிறைய ஒட்டுப்புல் விதைகள். வாரா வாரம் அவர் பேன்ட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சேர்த்து வைத்தவை.

"எந்த லிஃப்ட்டுல புல்லு முளைக்குது?"

ஊரையே பேச்சால் வளைக்கிறவர், திருதிருவென்று விழித்தார்.

"பொய் சொல்றவங்க துணியையாவது உதறிட்டு வரணும். நாளைக்கு நானும் வரேன். அந்த லிஃப்ட்டை நானும் பாக்கணும்."

சொன்னபடி வந்தாள். குன்றைப் பார்த்தாள், நடைக்குழுவைப் பார்த்தாள், அவர் பின்னாலேயே ஏறினாள். இரண்டாவது வளைவில் செங்குத்தான பாறையில் அவர் பழக்கதோஷத்தில் விறுவிறுவென்று ஏறிவிட்டார். கீழே நின்றபடியே கேட்டாள்.

"முட்டி எப்பங்க சரியாச்சு?"

தப்பிக்க வழியில்லை. திரும்பி இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முட்டி வலிக்கவே இல்லம்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சுவர் கிட்டே வந்தது, படியில் உட்கார்ந்து நடுங்கியது, மூன்றாவது மாடி, மாத்திரை. சொல்லச் சொல்லத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரிப்பாளா என்று காது மட்டும் விறைத்துக் காத்திருந்தது.

அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் என்னெல்லாம் நெனச்சேன் தெரியுமா? வேற எவளோ இருக்கான்னு ஒரு வாரம். ஏதோ பெரிய வியாதி, சொல்ல மாட்டேங்கிறாருன்னு ஒரு வாரம். தெனம் தைலம் தேய்க்கும்போது உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நீ சிரிப்பேன்னு பயந்தேன். அந்த ஸ்பேர் பார்ட் பேச்சுக்குச் சிரிச்சியே."

"அது நீங்க சொன்னீங்கன்னு சிரிச்சேன். உங்களுக்கு ஒண்ணுன்னா சிரிப்பேனா? அறிவு வேணாம்?" என்று தோளில் ஒரு அடி போட்டாள். நல்ல பலமான அடி. லிஃப்ட்காரருக்கு ஐந்து மாதமாகத் தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல் இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார்.

"கம்பெனிலயும் உண்மையச் சொல்லிடுங்க. பாவம், அந்த லீவு போட்ட மனுஷன்கிட்ட மன்னிப்பும் கேளுங்க."

"கேக்குறேன்."

"அப்புறம், வீட்டுக்குப் போனதும் எனக்கு முட்டி வலிக்கும். நெசமாவே வலிக்கும். தைலம் நீங்கதான் தேய்க்கணும். அஞ்சு மாசம்."

மேலே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. உச்சியில் அவர் ஷூவைக் கழற்றி, பாறையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு அடித்தது, அடங்கட்டும் என்று விட்டுவிட்டார். பக்கத்தில் கிடந்த போன் அலறியது. கம்பெனி. அவர் கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். வேறு யாருமில்லை, அந்தப் பழைய முசுடுதான், இப்போது மேற்பார்வையாளர்.

"எங்கம்மா அவரு?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"அவரு மேல போயிட்டாருங்க."

மறுமுனையில் மூச்சுப் பேச்சைக் காணோம்.

"பயப்படாதீங்க, நானும் கூடத்தான் இருக்கேன்" என்றாள். "இறங்கி வருவாரு."