சுலைமான் பாய் மேல் கிடந்த பழி

சென்ற செவ்வாய்க்கிழமை மத்தியானம் தனகோட்டி என் அலுவலக வாசலில் வந்து நின்றார். செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் பார்சல் பிரிவில் இருப்பவர். வேலை நாளில் காஞ்சிபுரம்வரை பஸ் ஏறி வந்திருக்கிறார் என்றால் நல்ல செய்தியாக இருக்க முடியாது. "சுலைமான் பாய் போய்ட்டாருப்பா. மஞ்சக்காமால. நேத்து சாயந்தரமே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார். எனக்கு முன்னமே தகவல் அனுப்ப முடியாமல் போனதற்கு வருத்தப்பட்டார். அனுப்பியிருந்தாலும் நான் போயிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்த சுலைமான் பாயை உங்களில் பலருக்குத் தெரியும். அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்ததும் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபத்து மூன்றில் செங்கல்பட்டு தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகி வந்தேன். ஊரில் ஒருவரையும் தெரியாது. விடியற்காலையில் கொளவாய் ஏரிக்கரையில் மூன்று பேர் ஓடுவதைப் பார்த்து, ஒருநாள் நானும் வரலாமா என்று கேட்டேன். சுலைமான் பாய், தனகோட்டி, போலீஸ் தேர்வுக்காக ஓடிக்கொண்டிருந்த பழனி. என் தொப்பையைக் காட்டி, சிரிக்க மாட்டீர்களே என்றேன். "சிரிக்கறதுக்கு மூச்சு வோணுமே" என்றார் பாய். முதல் நாள் கரையின் பாதியிலேயே வாந்தி எடுத்தேன். மற்ற இருவரையும் முன்னே போகச் சொல்லிவிட்டு, நான் வாய் கொப்பளித்து முடிக்கும்வரை அவர் கூடவே நின்றார். பிறகு நடத்தியே கூட்டிவந்தார். அன்றிலிருந்து என்னைக் 'கிளார்க்கு' என்றுதான் கூப்பிட்டார். அந்த ஊரில் எனக்கு முதலில் கிடைத்த மனிதர்கள் அவர்கள்.

அடுத்த சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் கடற்கரைவரை ஓடிவிடுவது என்று பாய் திட்டம் போட்டார். திருக்கழுக்குன்றம் வழியாகப் பதினெட்டு மைல். முந்தின நாள் சாயந்தரம் பழனி என் அறைக்கு வந்தான். இரண்டு நாளாகக் காய்ச்சல், வயிறும் சரியில்லை, வரவில்லை என்று பாயிடம் சொல்லிவிடச் சொன்னான். நான்கு பேரில் எப்போதும் கடைசியாக வருபவன் நான்; எனக்குத் துணையாக வேகத்தைக் குறைத்து ஓடுபவன் பழனிதான். அவன் வராவிட்டால் மற்ற இருவரும் முன்னே போய்விடுவார்கள், அத்தனை தூரம் நான் தனியாக ஓட வேண்டும். அந்த அற்பக் கவலையில் ஒன்று சொன்னேன்: "செலக்ஷன் அன்னிக்கு காய்ச்சல் வந்தா இன்னா பண்ணுவ? போலீசுல லீவு கேப்பியா?" பழனியின் முகம் சுருங்கியது. வருகிறேன், பாயிடம் மட்டும் காய்ச்சல் என்று சொல்லாதே என்று கேட்டுக்கொண்டு போனான்.

காலையில் கிளம்புமுன் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பாய் கேட்டார். பழனி பேசவில்லை. நானும் பேசவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. பூஞ்சேரிக்கு முன்னால் சவுக்குத் தோப்பு ஓரத்தில் பழனி தடுமாறினான். வேர்வை நின்று போயிருந்தது. அவன் அம்மா பக்கத்தில் இருப்பதுபோல ஏதோ பேசினான், பிறகு விழுந்தான். பாய் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சாலை நடுவில் நின்று ஒரு லாரியை மறித்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. இவனுக்குக் காய்ச்சல் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன்.

சுடுகாட்டில் பழனியின் அண்ணன், காய்ச்சல்காரனை வெயிலில் ஓடவிட்டவன் எவன் என்று கத்தினார். "நான்தான் கூப்ட்டுகினு போனேன்" என்றார் பாய். அத்தனை பேர் முன்னால் அறை விழுந்தது. பாய் கையைக்கூடத் தூக்கவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

அதோடு எங்கள் ஓட்டம் முடிந்தது. ஒரு மாதம் கழித்து, தாங்க முடியாமல் கடைக்குப் போய் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் கிளார்க்கு. டாக்டர் கேக்க சொல்ல நீ தரையப் பாத்துகினு நின்ன. காத்தால அவன் மூஞ்சி சரியில்லன்னு நானும்தான் பாத்தேன். பாத்துட்டும் வுட்டேன். என் பங்கு எனக்கு கீது. உன் பங்க நீ போய் அவங்கம்மாகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பிறகு எங்கே பார்த்தாலும் "போனியா?" என்று மட்டும் கேட்பார். நான்கைந்து முறை கேட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்து பஜார் பக்கம் போவதை நிறுத்தினேன். பிறகு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு காஞ்சிபுரம் போனேன்.

செய்தி வந்த மறுநாள் பழனியின் அம்மா கன்னியம்மாளைத் தேடிப் போனேன். அரிசி மில் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தார். களத்தின் ஓரத்தில் நின்றபடியே சொன்னேன். அடிப்பார், ஏசுவார் என்று நினைத்திருந்தேன். அவர் துழாவுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பாய் உசுரோட இருக்க சொல்ல வந்திருக்கக் கூடாதாய்யா?" என்றார். "அஞ்சு வருசமா அந்தக் கடைய மூஞ்சத் திருப்பிகினு தாண்டினேன். ஒரு நாளு என்னப் பாத்து எழுந்து நின்னாரு. காறித் துப்பிட்டு வந்தேன்."

 கைகால் கழுவிக்கொண்டு வந்து, பாயின் வீட்டைக் காட்டச் சொன்னார். பள்ளிவாசல் தெருவரை அவருக்கு முன்னால் நடந்தேன். கணவனை இழந்தவர் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் பாயின் மனைவி இருந்ததால் பெண்கள் மட்டும் உள்ளே போனார்கள். கன்னியம்மாளும் போனார்.  பிறகு இரண்டு பெண்கள் அழும் குரல் கேட்டது. எது யாருடையது என்று தெரியவில்லை.

பழனியின் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறாராம். அவரையும் பார்க்கப் போகிறேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: இனி பழனியின் சாவைப் பற்றிப் பேச்சு வந்தால், சுலைமான் பாயின் பெயரோடு நிறுத்தாதீர்கள், என் பெயரையும் சொல்லுங்கள். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். அதில் பெரும்பங்கு என்னுடையது.