பல் ஆஸ்பத்திரியின் மீன் டாக்டரம்மா

"டோக்கன் ஏழு... கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க சார், வால் தெரியல."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் பல்வலியின் முழு வரலாற்றையும் சொல்லிக்கொண்டிருந்த நான் நகர்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதில் எட்டுத் தங்கமீன்கள். வரவேற்பு மேசையிலிருந்த அம்மாள் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, வால், செதில், செவுள் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் என் வயதைக் கேட்டார். உள்ளே இருக்கும் டாக்டர் வாயைப் பார்ப்பார், இவர் வாலைப் பார்ப்பார். யாருக்குக் கூட்டம் அதிகம் என்று கேட்டால் டாக்டருக்குக் கோபம் வரும்.

ஐம்பதைத் தாண்டியவர். கொண்டையில் ஒரு பேனா செருகியிருக்கும், அதையே மேசையெங்கும் தேடுவார். மீன் வளர்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் டாக்டரம்மா. பல்லில் ஒரு குறையுமில்லாதவர்கள்கூட ஜாம் பாட்டிலில் மீனோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

"கல்லுல உடம்பைத் தேய்க்குதா? மேல உப்புத் தூவின மாதிரி இருக்கா? அப்ப வெள்ளைப்புள்ளி நோய்தான், வேற என்ன? தண்ணிச் சூட்டை ஒரேயடியா ஏத்தாதீங்க, நாளுக்கு ஒரு டிகிரி. ஃபில்டர்ல இருக்கிற கரியை வெளிய எடுத்துடுங்க, இல்லன்னா நீங்க ஊத்துற மருந்தை அதுவே குடிச்சுடும்."

ஒருநாள் பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் கொண்டுவந்த மீனின் விலாவில் நூல் துண்டு போல ஒரு புழு தொங்கியது. டாக்டரம்மா ஈரத்துணியில் மீனைப் பொத்திப் பிடித்து, புழுவை அடியோடு இடுக்கியால் பிடுங்கி, புண்ணில் மருந்து தொட்டு வைத்தார். கண்ணிமைக்கும் நேரம்தான். திறந்திருந்த கதவு வழியே இதைப் பார்த்துக்கொண்டு, உள்ளே நான் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தேன்.

"அக்கா, என் இடுக்கி எங்க?" என்று டாக்டர் குரல் கொடுத்தார்.

"நீங்க தூக்கிப் போட்ட பழசைத்தான் எடுத்தேன் டாக்டர்! நீங்க உங்க வேலையைப் பாருங்க!"

அதற்குப் பிறகு டாக்டர் எடுத்த ஒவ்வொரு கருவியையும் நான் முகர்ந்து பார்க்காத குறைதான்.

என் பல்லுக்கு வேர் சிகிச்சை, ஐந்து தடவை வரவேண்டும். இரண்டாம் தடவைக்குள் வலி போய்விட்டதால் மாத்திரையை நிறுத்திவிட்டேன். அதை டாக்டரிடம் மறைத்துவிடலாம், டாக்டரம்மாவிடம் நடக்குமா?

"புள்ளி மறைஞ்சா நோய் போச்சுன்னு யார் சொன்னா? அந்தக் கிருமி மீன் மேலேர்ந்து கழண்டு கீழ விழுந்து, கல்லுக்குள்ள குட்டி போட்டுக்கிட்டிருக்கும். அந்தக் குட்டிங்க நீந்தி வெளிய வர்றப்பதான் மருந்து அதைக் கொல்லும். அதுவரைக்கும் விடாம ஊத்தணும்."

"எனக்குப் பல்லுங்க..."

"எல்லாம் ஒண்ணுதான். மாத்திரையை முடிங்க."

அவர் மேசைக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் எங்களைப் பார்த்தபடி, தடித்த எழுத்தில் ஒரு அறிவிப்பு: 'புது மீன் பதினைந்து நாள் தனி வாளியில். கெஞ்ச வேண்டாம்.' கடையிலிருந்து வாங்கிய மீனை நேராகத் தொட்டியில் விட்டவர்கள் அவரிடம் படும் பாடு இருக்கிறதே, அப்பப்பா! பேக்கரிக்காரரைப் பத்துப் பேர் நடுவில் நிற்கவைத்து, "புதுசா வர்றது நோயைக் கொண்டு வருதான்னு பார்க்காம உள்ள விடுவீங்களா? படிச்சவங்கதானே?" என்று கேட்டார். அந்த மனுஷன் எட்டாவதோடு நின்றவர். ஆனாலும் வெட்கப்பட்டார்.

மூன்றாம் தடவை போனபோது கூடம் அமைதியாக இருந்தது. தொட்டியில் எட்டுக்கு ஒன்பது மீன். ஒன்பதாவது கன்னங்கரேல் என்று, துருத்திய கண்களோடு, பார்ப்பவர்களையெல்லாம் ஏதோ கேட்பது போலச் சுற்றிவந்தது. மூலையில், டாக்டரம்மா 'பெரியவர்' என்று கூப்பிடும் மூத்த மீன் ஒதுங்கிக் கிடந்தது. ஆஸ்பத்திரி திறந்த நாளில், டாக்டரம்மா வேலைக்குச் சேர்ந்த அதே நாளில் வந்த மீன் அது, பதினோரு வயது. அதன் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"தண்ணி குளிர்ந்துடுச்சு சார்," என்றார் டாக்டரம்மா, நான் கேட்காமலே.

டாக்டர் வெளியே வந்தார். "அக்கா, பல்லு பிடுங்க வர்றவங்க எதிர்ல செத்த மீன் மிதந்தா என் தொழில் என்ன ஆகும்? ஒண்ணு மிதந்தாலும் தொட்டியைத் தூக்கிட்டு டிவி வெச்சுடுவேன். சொல்லிட்டேன்."

டாக்டரம்மா தொட்டிப் பக்கம் திரும்பினார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். அன்றிலிருந்து தொட்டிக்கு வைத்தியம். உப்பை டாக்டரின் தராசில் நிறுத்துப் போட்டார். சூடு ஏற்றிய தண்ணீரில் மீனுக்கு மூச்சு முட்டும் என்று இன்னொரு காற்றுக் குழாய் வைத்தார். தினமும் அடிக்கல்லைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்தார். முட்டி போட்டு, கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, "கொஞ்சம் சாப்பிடேன், ஏன் இப்படிப் படுத்துறே?" என்று பெரியவரிடம் கெஞ்சுவதையும் பார்த்தேன். டோக்கன்கள் குழம்பின. என்னை இரண்டு தடவை கூப்பிட்டார்.

சேதி பரவாமல் இருக்குமா? பேக்கரிக்காரர் பல்லில் ஒன்றுமில்லாமலே வந்தார்.

"ஏன்க்கா, புதுசை வாளியில வெச்சீங்கதானே?"

டாக்டரம்மா பதிவேட்டைப் புரட்டினார்.

"ஊருக்குத்தானேக்கா உபதேசம்?" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் முறை அது, ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மேசைக்கடியில் அந்த வாளியைப் பார்த்துவிட்டேன். உள்ளே காய்ந்து கிடந்தது. ஒரு குடையும் இரண்டு பழைய பத்திரிகைகளும் இருந்தன.

நான்காம் தடவை, வாய் மரத்துப்போய், பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். கூடத்தில் வேறு யாருமில்லை. டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களால இப்பப் பேச முடியாதுல்ல?"

தலையாட்டினேன்.

"அப்பச் சரி. கடையில அதோட கண்ணைப் பார்த்துட்டேன் சார். அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு அது என்னையே பார்க்குது. வாளியில தன்னந்தனியா பதினஞ்சு நாள்... மனசு கேக்கல. நேரா உள்ள விட்டுட்டேன். பெரியவருக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

நான் என்னென்னவோ சொல்ல நினைத்தேன். பஞ்சு விடவில்லை. "ம்ம்" என்றேன். அவர் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துபோய் மருந்து ஊற்றினார்.

கடைசித் தடவை போனபோது ஒரு மீனிலும் புள்ளியில்லை. மறைந்து ஐந்து நாளாம். மருந்து மட்டும் நிற்கவில்லை. "இன்னும் ரெண்டு நாள் இருக்கு," என்றார் கண்டிப்பாக. அவர் ஒரு குருணை தீனி போட, பெரியவர் மூலையிலிருந்து கிளம்பி, அவசரமே இல்லாமல் மேலே வந்து, லபக்கென்று விழுங்கினார். டாக்டரம்மா "டாக்டர்!" என்று போட்ட கூச்சலில் டாக்டர் கையுறையோடு ஓடிவந்தார். பார்த்தார். "சரி சரி, டிவி வேண்டாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது அவரும் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பேக்கரிக்காரர், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் புது மீனொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அக்கா, பாருங்க, எவ்வளவு ஜோரா இருக்கு! நோய் நொடி ஒண்ணுமில்ல. நேரா விட்டுடலாம்ல?"

டாக்டரம்மா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடினார்.

பிறகு மேசைக்கடியிலிருந்து வாளியை எடுத்து, குடையையும் பத்திரிகைகளையும் வெளியே வைத்துவிட்டு, அவரிடம் நீட்டினார். அவர் போனதும் எங்கள் பக்கம் வந்து, கண்ணாடித் தடுப்பிலிருந்த அறிவிப்பைக் கிழியாமல் உரித்தார். அதைத் திருப்பி, தன் நாற்காலியைப் பார்த்தபடி ஒட்டி, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.