அடுத்த மாடல் வரட்டும்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்பாவுக்கு 'அடுத்த மாடல்' என்று பட்டப்பெயர். அவர் முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குக் குடத்தோடு போனால், "அடுத்த மாடலு மக வந்துட்டாடி, வழிய விடுங்க" என்று கூச்சமே இல்லாமல் சொல்லுவார்கள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். வருகிற கோபத்துக்குக் குடத்தை அங்கேயே போட்டு உடைக்கலாம் போல இருக்கும். அலுமினியக் குடம் உடையாது என்பதால் பேசாமல் வந்துவிடுவேன்.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற ரோட்டில் இறங்கி, தேயிலைக்குள் குறுக்கு வழியாக ஏறினால் எங்கள் தோட்டம். டிவி என்கிற சாமான் இலங்கை மலைநாட்டுப் பக்கம் எட்டிப் பார்த்த புதுசு அது. தோட்டத்தில் துரை பங்களாவிலும் பெரிய கிளாக்கர் வீட்டிலும் மட்டும்தான் இருந்தது. கிளாக்கர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, ரோஜாச் செடிகளை மிதிக்காமல் ஒற்றைக்காலில் நின்று நாங்கள் பார்ப்போம். கிளாக்கரம்மா நல்லவர்தான். ஆனாலும் சில நாள் காற்று வருகிறது என்று சொல்லித் திரைச்சீலையை இழுத்து விட்டுவிடுவார். உள்ளே சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சிரிப்பு எதற்கு என்று தெரியாமல் வீட்டுக்கு நடந்து வருகிற எரிச்சல் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இந்த நிலைமையில்தான் எங்கள் வீட்டில் டிவி வாங்கப் போகிறோம் என்ற பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். என் பக்கத்தில் யார் உட்கார்ந்து பார்ப்பது என்று இடம்கூடப் பிரித்துக் கொடுத்தாயிற்று.

டிவி பேச்சுக்கு ஒரு காரணம் இருந்தது. எங்களுக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்திருந்தது. தோட்டத்து ஜனங்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசிப் பங்கு போட்டுக்கொண்ட காலம். அம்மாவின் ஆட்கள் எல்லாரும் பிரஜை ஆகிறோம் என்று இந்தியாவுக்கு எழுதிப் போட்டார்கள். அப்பாவும் மாமனார் வீட்டோடு சேர்ந்து எழுதினார். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, இலங்கைக்கு எழுதினார். ஒரே லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்த அண்ணன் தம்பி, இரண்டு தேசத்துக்காரர்கள் ஆகிப்போனார்கள். அம்மாவின் கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிவிட்டார்கள். அம்மா மட்டும் தனியாக இங்கே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இந்தியாவுக்குப் போவது என்றால் திருவிழாவுக்குப் போவது மாதிரி. பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மறுபடியும் ரயில் ஏறிப் போய், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து பீலிக்கரையில் கதை சொல்லலாம் என்றிருந்தேன்.

அம்மா போகலாம் என்று சொன்னபோது அப்பாதான் அந்த யோசனையைச் சொன்னார். "வெறுங்கையோடயா போய் எறங்குறது? ஒரு டிவி வாங்கிட்டுப் போவோம். அங்க இதெல்லாம் லேசுல கெடைக்காது." அம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. அண்ணன்மார் முன்னால் கௌரவமாகப் போய் நிற்க வேண்டுமே. சரி என்றாள். அதுதான் அவள் செய்த பெரிய தப்பு.

அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற ஃபேக்டரியில், மிசினில் வேலை. சம்பளம் வாங்கின ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பதுளைக்குப் போவார். கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை. ரேடியோ, டோர்ச், டிவி எல்லாம் அங்கேதான். நான் லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா தலையில் பெட்டி இருக்கிறதா, பின்னாலே யாராவது தூக்கிக்கொண்டு வருகிறார்களா என்று கண் தேடும். அவர் கையில் ஒரு இறாத்தல் பாண் ரொட்டியும் எனக்கு மிட்டாயும் மட்டும் இருக்கும்.

"என்னங்க ஆச்சு?" என்பாள் அம்மா.

"இது பேட்டரிய ரொம்பக் குடிக்குதாம். அடுத்த மாடல் வருதாம். அது பாதிதான் குடிக்குமாம்."

லயத்தில் கரண்ட் கிடையாது. கார் பேட்டரியில்தான் டிவி ஓட வேண்டும். அதனால் அம்மா அதற்கும் சரி என்றாள். அடுத்த மாதம் போனவர், கலர் டிவி வருகிற செய்தியோடு திரும்பினார். கறுப்பு வெள்ளையை வாங்கிப் போட்டுவிட்டு, கலர் வந்ததும் வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்பதா என்று கேட்டார். கலர் டிவி கார் பேட்டரியில் ஓடாது என்று தோட்டத்து லொறி டிரைவர் வந்து சொன்னபோது, ஓடுகிற மாதிரி ஒன்று செய்யாமலா இருப்பார்கள் என்றார். அதற்கடுத்த மாதம், இருக்கிற டிவிக்குக் குமிழைத் திருக வேண்டியிருக்கிறதாம், இனிமேல் வருவது அமுக்கினால் போதுமாம்.

"திருகுனா கை தேஞ்சா போயிரும்?" என்று அம்மா கத்தினாள்.

அப்பாவிடம் இதற்கெல்லாம் ஒரு தத்துவம் இருந்தது. ஸ்டோருக்குப் புதுசாக, கொழுந்தை உருட்டுகிற ஒரு ரோலர் மிசின் வந்த கதையைச் சொல்வார். அந்தக் கம்பெனி செய்த முதல் ரோலராம். மாலை போட்டு, தேங்காய் உடைத்து ஓட்டினார்களாம். ஒரு வாரத்தில் படுத்துக்கொண்டதாம். ஆள் வந்து பார்த்து, குற்றங்குறையெல்லாம் எழுதிக்கொண்டு போய், அடுத்த ரோலரைத் திருத்தமாகச் செய்து வேறு தோட்டத்துக்கு விற்றார்களாம். "மொத மிசின வாங்குறவன் கம்பெனிக்காரனுக்குப் பரீட்ச எழுதிக் குடுக்குறான். பாஸ் பண்றது ரெண்டாவது வாங்குறவன்." இப்போது என் மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதற்குள் ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் விசாரித்துவிட்டு, புதுசு வருகிறதாம் என்று சும்மா இருக்கிறான். அப்பா இருந்தால் இரண்டு பேரும் ராத்திரி பகலாகப் பேசியிருப்பார்கள்.

இந்தத் தத்துவத்துக்குத் தாளம் போடுகிறவர் பெரியப்பா. அவருக்கு டிவியைப் பற்றி மண்ணும் தெரியாது. கிளாக்கர் வீட்டு ஜன்னல் பக்கம்கூடப் போனதில்லை. ஆனால் சாயங்காலம் எங்கள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் அண்ணனும் தம்பியும் பிளேன்டீயோடு உட்கார்ந்துவிட்டால், அப்பா ஒவ்வொரு காரணமாகச் சொல்லச் சொல்ல, "ஆமா, அதுஞ் சரிதான்" என்று தலையாட்டிக்கொண்டே இருப்பார். அப்பாவுக்குக் காரணம் தீர்ந்துபோனால் இவர் எடுத்துக் கொடுப்பார். "ஏன்டா தம்பி, கலருன்னா முருகனோட மயிலு பச்சையாவே தெரியுமா? அப்ப கொஞ்சம் பொறுத்தே வாங்கேன். மயிலக் கறுப்பாப் பாக்குறது தரித்திரம்டா."

எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். தன் வீட்டில் டிவி இல்லை, தம்பி வீட்டுக்கும் வந்துவிடக்கூடாது என்கிற பொறாமை என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். "பெரியவங்கள அப்பிடிச் சொல்லாத" என்றாளே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

இப்படியே இரண்டு தீபாவளி போய்விட்டது. மேல் லயத்தில் மிச்சமிருந்த இரண்டு குடும்பமும் இந்தியாவுக்குப் புறப்பட நாள் குறித்தாயிற்று. தெரிந்தவர்களோடு சேர்ந்து போனால் வழித்துணையாக இருக்கும், இதை விட்டால் முகந்தெரியாத கூட்டத்தோடு போக வேண்டிவரும் என்று அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு நாள் அவள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, டிவிக்குச் சேர்த்து வைத்திருந்த காசை முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கும் தலை சீவி ரிப்பன் வைத்தாள். அப்பா ஸ்டோருக்குப் போன கையோடு, நாங்கள் பதுளை பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

கடைக்கார முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். அப்பா பெயரைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவரா? மாசாமாசம் வந்து, இதைவிட நல்லது எப்ப வரும் முதலாளின்னு கேப்பாரே. நானும் வந்தா சொல்றேன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். தங்கச்சி, உள்ளதச் சொல்றேன், அடுத்த கப்பல்ல வாரது இதவிடத் திறமா இருக்கும்."

"அது வாரப்ப வரட்டும் முதலாளி. நாங்க அதுக்கு முந்தியே கப்பலேறிருவோம். இதையே கட்டிக் குடுங்க" என்றாள் அம்மா.

அந்த வார்த்தையைக் கேட்டு என் மனசு துள்ளிய துள்ளலை எப்படிச் சொல்ல! பஸ்ஸில் பெட்டியை எங்கள் இரண்டு பேர் மடியிலும் வைத்துக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கொண்டக்டர் என்ன சாமான் என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். கேட்காதவர்களுக்கும் நானே சொன்னேன்.

சாயங்காலம் வேலை விட்டு வந்த அப்பா, பெட்டியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். சத்தம் போடப்போகிறார் என்று நான் அம்மா பின்னால் ஒளிந்தேன். அவரோ கை கால் கழுவிவிட்டு வந்து பெட்டியைப் பிரித்தார். மிசின்காரர் அல்லவா, வயரெல்லாம் அவர் கையில் சொன்னபடி கேட்டது. லொறி டிரைவரிடமிருந்து பேட்டரி வந்தது. நீளமான மூங்கிலில் அன்டெனாவைக் கட்டி, அப்பாவே கூரைமேல் ஏறினார். அதற்குள் லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. அடுத்த மாடல் என்று கேலி பண்ணினவர்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரையும் மதிக்கவில்லை.

மேலேயிருந்து அப்பா மூங்கிலைத் திருப்பினார். முதலில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு பெண் வந்து செய்தி வாசித்தாள். அவள் நெற்றியில் விழுந்த முடிகூடத் தெரிந்தது. "வந்துருச்சு, வந்துருச்சு! விடுங்கப்பா!" என்று எல்லாரும் கத்தினோம். அப்பா விடவில்லை, இன்னும் திருப்பினார். படம் போய்விட்டது. மறுபடி கத்தினோம். மறுபடி படம் வந்தது, மறுபடியும் அதைத் தாண்டித் திருப்பினார். அப்பாவுக்கு எதிலும் திருப்தியே கிடையாது, இதைவிட நல்ல படத்தைத் தேடுகிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அம்மா வாசலுக்குப் போய் மேலே பார்த்து, "போதுங்க. எறங்கி வாங்க" என்றாள். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். அப்பா மூங்கிலைச் சரியான இடத்தில் கட்டிவிட்டு இறங்கி வந்தார்.

எல்லாரும் வந்தபிறகுதான் பெரியப்பா வந்தார். கூட்டம் விலகி இடம் விட்டது. அவர் உட்காரவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பா அவரை ஏறிட்டுப் பார்க்காமல் பேட்டரி வயரை அழுத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்றார் பெரியப்பா. "படம் சரியில்லயேடா."

டிவிப் பக்கம் கையை நீட்டிக் காட்டினார்.

"ஒரே கலங்கலா இருக்கு. இத முதலாளிகிட்டத் திருப்பிக் குடுத்துருவோம். நானும் கூட வாறேன். அடுத்தது வரட்டும்டா. இப்ப என்ன அவசரம்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பெரியவர் சின்னவர் தெரியவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் எழுந்து நின்று கத்தினேன். "படம் நல்லாத்தான் இருக்கு! எங்க கலங்கலா இருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க பெரியப்பா!"

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்குவாள் என்று பார்த்தால், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா வயரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பெரியப்பா மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். துண்டை எடுத்து இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்தார். மறுபடி டிவியைப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"அப்பிடியா தாயி? அப்ப பெரியப்பாவுக்குத்தான் கண்ணு தெரியல போல இருக்கு" என்றார்.

இவ்வளவு நாளும் பொறாமைக்காரர் என்று நினைத்துவிட்டோமே, பாவம், மனுஷனுக்குப் பார்வைக் கோளாறு என்று எனக்கு ஒரேயடியாக மனசு இளகிப்போயிற்று. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதீங்க பெரியப்பா. நாங்க இந்தியாவுக்குப் போயிட்டுத் திரும்பி வாரப்போ உங்களுக்கு ஒரு கண்ணாடி வாங்கிட்டு வாறேன். அப்புறம் எல்லாம் பளிச்சுனு தெரியும்."